கறுப்புப் பை

எங்கள் மாவட்டத்தில் குப்பையைக் கண்ணாடி போல உள்ளே தெரிகிற பையில்தான் கட்டி வாசலில் வைக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று லாரிக்காரன் பார்க்க வேண்டுமாம். காய்கறித் தோல், மீன் முள், எலும்பு எல்லாம் பச்சைத் தொட்டிக்கு. காகிதம் தனி, டப்பா தனி. ஒரு முட்டை ஓடு தப்பான பையில் தெரிந்தால் போதும், ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, பையை அப்படியே வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுவான். ஊரே காரில் போகும்போது அதைப் பார்த்துக்கொண்டு போகும். ஆனால் அரசாங்கத்துக்கும் கொஞ்சம் இரக்கம் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு பை மட்டும் கறுப்பாக இருக்கலாம். மனுஷனுக்கு மறைக்க நாலு விஷயம் இருக்கும் என்று எந்தப் புண்ணியவானோ யோசித்திருக்கிறான். அந்தப் பையை யாரும் பிரிக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் அது குளியலறையில், மூடி போட்ட வாளிக்குள் இருக்கும். எனக்கும் எல்வுட்டுக்கும் கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். அவன் அதில் என்ன போடுகிறான் என்று நான் பார்த்ததில்லை. நான் போடுவதை அவன் பார்த்ததில்லை. ஒருவருக்கொருவர் கொடுக்கிற மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். இப்போது யாராவது கேட்டால் சோம்பேறித்தனம் என்பேன்.

போன ஜூன் மாதம், சிங்கி இறால் சீசன் முடிந்த மூன்றாம் நாள், கொல்லையில் கூண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். ரத்தக் குழாயில் ஏதோ சின்ன வலை வைத்து அனுப்பினார்கள். கூடவே ஒரு பை நிறைய மாத்திரை. அதில் முக்கியமானது ஒரு வெள்ளை மாத்திரை, இதயம் நிதானமாகத் துடிப்பதற்கு. ஒரு நாள்கூட விடக் கூடாது என்று டாக்டர் அவனிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார்.

அக்டோபரில் என் தம்பி கார்மன் வந்தான். எல்வுட் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்ப்பது கார்மனின் போட்டில்தான். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். கார்மன் தொப்பியைக் கழற்றினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"மச்சான், சுத்தி வளைக்காம சொல்லிடறேன். கயிறு ஓடிட்டிருக்கும்போது ஒருத்தன் மயங்கி விழுந்தான்னா, கூட நிக்கறவனையும் இழுத்துக்கிட்டுத்தான் தண்ணிக்குள்ள போவான். உன் பொணத்தைக் கொண்டாந்து எங்கக்கா வாசல்ல எறக்க என்னால முடியாது."

"அதுக்குள்ள பொணமாக்கிட்டியா? சரி, வந்தது வந்துட்ட, பெட்டிக்கு அளவெடுத்துக்கிட்டுப் போ" என்றான் எல்வுட்.

கார்மன் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினான். "அக்கா, நீ சொல்லு. மாத்திரை ஒழுங்கா முழுங்கறானா? நீ சொன்னா நம்பறேன். இவன் சொன்னா நம்ப மாட்டேன்."

"தெனம் காலைல என் கையாலதான் குடுக்கறேன். என் கண்ணு முன்னாடிதான் வாயில போட்டுக்கறான்" என்றேன்.

"அப்ப நவம்பர் கடைசித் திங்கக்கிழமை, சீசன் தொடங்கற அன்னிக்கு, அவனுக்கு போட்ல எடம் இருக்கு. உன் வாக்கு."

நான் சொன்னது பொய்யில்லை. காலை ஆறரைக்கு வெள்ளை மாத்திரையை அவன் உள்ளங்கையில் வைப்பேன். வாயில் போட்டு, டீயைக் குடித்து, "ஆச்சு, மேடம்" என்பான். பிறகு குளியலறைக்குப் போவான். ஆண்கள் காலையில் குளியலறைக்குப் போவதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

வீட்டில் இன்னொரு சட்டமும் போட்டேன். வெண்ணெய் கிடையாது, பேக்கன் கிடையாது. முப்பது வருஷமாகக் காலையில் பேக்கன் என்கிற உப்புப் பன்றிக்கறி பொரிகிற சத்தம் கேட்டுத்தான் எல்வுட் எழுந்திருப்பான். அதை நிறுத்தினேன். ஒரு வார்த்தை பேசாமல் ஓட்ஸ் கஞ்சியைக் குடித்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் எனக்கு இதயக் கோளாறு இல்லையே. செப்டம்பரில் கூண்டு, கயிறு வேலைக்குப் போக ஆரம்பித்தவன் ஏழு மணிக்குப் படகுத்துறைக்குக் கிளம்பியதும் சின்ன வாணலியில் நாலு துண்டு போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துப் பொரித்து, நின்றுகொண்டே தின்பேன். வாணலியைக் காகிதத்தால் துடைத்து, அந்தக் காகிதத்தையும் பேக்கன் வந்த உறையையும் எங்கே போடுவேன்? கறுப்புப் பையில்தான்.

எங்கள் நாய் டஃபிக்கு ஆறு வயது. பாதி லாப்ரடார், மீதி என்னவென்று யாருக்கும் தெரியாது. எந்த நேரமும் பசி. மற்றபடி அதன்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. எல்வுட் வீட்டில் படுத்துக் கிடந்த கோடை முழுக்க அவன் காலடியில்தான் கிடந்தது.

சீசன் தொடங்குகிற திங்களுக்கு முந்தைய வியாழக்கிழமை குப்பை நாள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் லாரி வரும். ஏழேகாலுக்கு எல்வுட், வேலைக்குக் கிளம்புவதற்கு முன், பைகளை எடுத்துக்கொண்டு போய் வாசல் படிக்கட்டில் வைத்துவிட்டு, பச்சைத் தொட்டியை உருட்டிவர வீட்டுக்குப் பின்னால் போனான். மூன்று நிமிஷம்கூட இருக்காது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது டஃபி கறுப்புப் பையைக் குடல் சரியக் கிழித்துப் போட்டிருந்தது. புல்வெளி முழுக்க வெள்ளை டிஷ்யூ. அதன் நடுவில் நின்று வாலை ஆட்டிக்கொண்டே எதையோ மென்றுகொண்டிருந்தது.

நான் கத்திய கத்தலில் எல்வுட் ஓடி வந்தான். இதயத்தில் வலை வைத்த மனுஷன் அப்படி ஓடக் கூடாது. நாயை ஒரு கையால் பிடித்து இழுத்தான். இன்னொரு கையால் புல்லில் தடவினான். அப்புறம் முழங்காலில் விழுந்து டிஷ்யூ ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பிரித்துப் பார்த்து, கிழிந்த பைக்குள்ளேயே திணித்தான். எதிர்வீட்டு யூலா பார்த்துவிடுவாள் என்று வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன்.

நாய் குப்பையைத் தின்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? நாற்பது வருஷமாக நாய் வளர்க்கிறேன். முதலில் நாயை அங்கிருந்து அப்புறப்படுத்து. கத்தாதே, கத்தினால் வாயில் இருப்பதையும் சேர்த்து விழுங்கிவிடும். கிழிந்த பையைக் கொட்டி, எது இருக்கிறது, எது குறைகிறது, எத்தனை மணிக்கு நடந்தது என்று பார். அப்புறம் நாய் டாக்டருக்குப் போன் போட்டு, உள்ளது உள்ளபடி சொல். வாந்தி எடுக்க வைப்பதா வேண்டாமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். கூரான எதையாவது தின்றிருந்தால் மேலே வரும்போது தொண்டையைக் கிழிக்கும். இந்தப் பாடத்தை யூலாவுக்கே மூன்று முறை எடுத்திருக்கிறேன்.

அன்று நான் கத்தினேன். பையைக் கொட்டிப் பார்க்கவில்லை. கொட்டினால் பேக்கன் காகிதம் அவன் கண்ணில் படும்.

நாய் ஆஸ்பத்திரி டவுனில் இருக்கிறது, முப்பத்தைந்து நிமிஷம். போனை எடுத்தது ஷெர்லின். கார்மன் மனைவியின் சித்தப்பா மகள். இங்கே எந்தப் போனை யார் எடுத்தாலும் யாருக்காவது சொந்தமாகத்தான் இருப்பார்கள். சத்தத்தைப் பெரிதாக வைத்து மேஜைமேல் வைத்தேன்.

"பையில என்னென்ன இருந்துச்சு, ஆன்ட்டி?"

"பாத்ரூம் குப்பைதான். டிஷ்யூ, பஞ்சு, அந்த மாதிரி."

"உருளைக்கெழங்குத் தோலும் இருந்துச்சு" என்றான் எல்வுட், கதவருகே நின்றபடி.

நான் நிமிர்ந்து பார்த்தேன். இருபது வருஷமாக இந்த வீட்டில் உருளைக்கிழங்குத் தோல் பச்சைத் தொட்டியைத் தவிர வேறெங்கும் போனதில்லை. அப்படியென்றால் அவனுக்கு பேக்கன் விஷயம் தெரிந்திருக்கிறது. என்னைக் காட்டிக்கொடுக்காமல், நாய் ஏன் பையைக் கிழித்தது என்பதற்கு ஒரு காரணத்தைக் கட்டிச் சொல்கிறான். என் மனசு இளகிவிட்டது. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் எனக்காக ஒரு பொய் சொல்கிறானே என்று கண் கலங்கியது. அந்தக் கண்ணீரை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

"மருந்து மாத்திரை, சாக்லேட், சூயிங்கம் ஏதாவது?" என்றாள் ஷெர்லின்.

"இல்ல" என்றான் எல்வுட், நான் வாயைத் திறப்பதற்குள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அங்கிள். ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டாந்தா வாந்தி எடுக்க வெச்சு எல்லாத்தையும் வெளிய எடுத்துடலாம். அதுக்கப்புறம் கஷ்டம்."

"அதான் இல்லங்கறேனே. டிஷ்யூ, கெழங்குத் தோல்."

"அப்ப வீட்லயே பாத்துக்குங்க. தள்ளாடினா, சோர்ந்து படுத்தா உடனே கூப்பிடுங்க."

எல்வுட் அன்று படகுத்துறைக்குப் போகவில்லை. திங்கட்கிழமைக்குக் கூண்டுகளை ஏற்ற வேண்டிய நாள் அது. கார்மனுக்கு ஏதோ சாக்கு சொல்லிவிட்டு, சமையலறைத் தரையில் டஃபிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அதன் முன்னங்காலுக்குக் கீழே கையை வைத்து, வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"போன வருஷம் நான் காய்ச்சல்ல கெடந்தப்ப எட்டிப் பாத்தியா? நாய்க்கு மட்டும் நர்ஸ் வேலை" என்றேன்.

வழக்கமாக இதற்கெல்லாம் ஒரு பதில் வைத்திருப்பான். அன்று வாட்சைத்தான் பார்த்தான்.

ஒன்பது மணிக்கு டஃபி தண்ணீர் குடிக்க எழுந்தது. பின்னங்கால் இரண்டும் மடங்கின. மறுபடி எழுந்தது, மறுபடி மடங்கின. எங்களைப் பார்த்து வாலை ஆட்டிவிட்டு அப்படியே படுத்துவிட்டது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெளுத்துக் கிடந்தது.

இனி என் மானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"எல்வுட், பையில பேக்கன் காயிதம் இருந்துச்சு. எண்ணெயோட. நான்தான் போட்டேன். நீ போனப்பறம் தெனம் பொரிச்சுத் தின்னேன். அந்த வாசனைக்குத்தான் கிழிச்சிருக்கு. என்னைத் திட்டணும்னா அப்புறமா திட்டு."

"தெரியும்" என்றான்.

"எப்படி?"

"மூணு மாசமா உன் தலைமுடியில வாசனை அடிக்குது, க்ளெண்டா."

என்னிடம் இருந்ததை அவன் முன்னால் வைத்துவிட்டேன். இப்போது அவன் முறை. நாயின் காதைத் தடவிக்கொண்டே இருந்தான். நான் மறுபடி போன் போட்டேன். இந்த முறை டாக்டரம்மா பேசினாள்.

"ஹார்ட் பீட் எவ்வளவு இருக்குன்னு பாக்கத் தெரியுமா?"

"நாப்பத்திரெண்டு" என்றான் எல்வுட் உடனே. "அரை மணி முன்னாடி அறுபது இருந்துச்சு."

"பேக்கனுக்கெல்லாம் இப்படி ஆகாதுங்க. வேற ஏதோ உள்ள போயிருக்கு. இப்பவே கெளம்புங்க. அந்தப் பையையும் எடுத்துட்டு வாங்க."

நாயைப் போர்வையில் சுற்றி டிரக்கின் பின் சீட்டில் கிடத்தினோம். நான் பையை எடுக்கத் திரும்பினேன்.

"அது எதுக்கு? நாத்தம் புடிச்சதை மடியில வெச்சுக்கப் போறியா? விடு" என்றான்.

"டாக்டர் கேட்டாங்கல்ல?"

"விடுன்னு சொல்றேன்." பையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். ஐம்பத்தொன்பது வயது ஆணும் ஐம்பத்தாறு வயதுப் பெண்ணும் ஒரு குப்பைப் பையை ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். டஃபி முனகியது. அவன் பிடியை விட்டான்.

தீயணைப்பு நிலையத்தைத் தாண்டியதும் பையைப் பிரித்தேன். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை. மென்று துப்பிய பேக்கன் காகிதம். என் பஞ்சு. அவன் சவரக் கத்தி. டிஷ்யூ, டிஷ்யூ. அடியில் இருமல் மிட்டாய் அட்டைப் பெட்டி ஒன்று, பாதி கடிபட்டு, பேக்கன் எண்ணெயில் ஊறிப்போய். அதற்குள் ஈரமான டிஷ்யூ. டிஷ்யூவில் ஒரு வெள்ளை மாத்திரை ஒட்டிக்கொண்டிருந்தது. எழுத்து பாதி கரைந்திருந்தது. எழுத்து எனக்கு எதற்கு? ஐந்து மாதமாக அதைத்தானே அவன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனை?" என்றேன்.

அவன் சாலையைப் பார்த்து ஓட்டினான்.

"எல்வுட், எத்தனை?"

"போன குப்பை லாரிக்கப்பறம் உள்ளது எல்லாம். பதிமூணு இருக்கும். புல்லுல ரெண்டு பொறுக்கினேன்."

"எப்பலேந்து?"

"செப்டம்பர்."

"நாக்குக்கு அடியிலயா வெச்சிருப்ப?"

"கன்னத்துல."

டாக்டரம்மாவிடம் சொல்லப் போனை எடுத்தேன். அந்த வளைவில் சிக்னல் கிடையாது, எப்போதும் கிடையாது. போனைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தேன். அவனாகவே பேச ஆரம்பித்தான். இத்தனை மாதமாக அடைத்து வைத்தது ஒரேயடியாக வந்தது.

"அதை முழுங்கினா கையி ரெண்டும் ஐஸ் மாதிரி ஆயிடுது, க்ளெண்டா. முடிச்சுப் போட வெரல் வளைய மாட்டேங்குது. ரெண்டு மணிக்கெல்லாம் கண்ணு சொருகுது. ஏணி ஏறினா தலை சுத்துது. முழுங்கினா உயிரோட இருக்கேன், ஆனா போட்ல ஒண்ணுத்துக்கும் ஆவ மாட்டேன். முழுங்கலன்னா வேலை செய்வேன், ஆனா கார்மன் ஏத்த மாட்டான். நான் என்ன பண்ணட்டும்?"

"டாக்டர்கிட்ட சொல்லி வேற மாத்திரை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா சீசன் முடியற வரைக்கும் வீட்ல இருன்னுவாரு."

"சரி. டாய்லெட்ல போட்டுத் தண்ணி ஊத்தித் தொலைச்சிருக்கலாம்ல? இந்த வாயில்லா ஜீவனாவது பொழைச்சிருக்கும்."

அவன் உண்மையிலேயே அதிர்ச்சியோடு என்னைத் திரும்பிப் பார்த்தான். "செப்டிக் டேங்க்ல மாத்திரை போடக் கூடாது. கெணத்துல எறங்கிடும். நீ குடிக்கற தண்ணி."

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு மாதிரிதான் வெளியே வந்தது. என் குடிநீரில் அவ்வளவு அக்கறை. பின் சீட்டில் டஃபியின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"ஏழேகால்லயே உனக்குத் தெரியும். ஷெர்லின் கேட்டப்பவும் தெரியும். மாத்திரையான்னு வாயால கேட்டா, இல்லன்ன."

"எல்லாத்தையும் பொறுக்கிட்டேன்னு நெனச்சேன்."

"பதிமூணுல ரெண்டைப் பொறுக்கிட்டு எல்லாத்தையும்னு நெனச்சியா?"

டவுனுக்கு இறங்குகிற பாலத்தில்தான் சொன்னான்.

"திங்கக்கெழமை, க்ளெண்டா. இன்னும் நாலே நாளு."

ஆஸ்பத்திரியில் டஃபியை மேஜைமேல் கிடத்தியதும் மாத்திரையை நீட்டினேன். டாக்டரம்மா வாங்கிப் பார்த்தாள், முகம் மாறியது. பக்கத்தில் ஷெர்லின் அட்டையும் பேனாவுமாக நின்றாள்.

"ஹார்ட் மாத்திரை. யாரோடது இது?"

"இவளோடது" என்றான் எல்வுட்.

ஷெர்லினின் பேனா என் பக்கம் திரும்பியது. ஒரு நொடிதான். மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். முப்பத்தொரு வருஷப் பழக்கம், வாய் அதுபாட்டுக்குத் திறந்தது.

"ஆமா, என்னோடதுதான்."

ஊசி போட்டார்கள், டியூப் செருகினார்கள், மருந்து ஏற்றினார்கள். மேஜைக்கு மேலே ஒரு பெட்டியில் எண் ஓடியது. முப்பத்தாறு. முப்பத்தொன்று. கொஞ்ச நேரம் நாற்பதுக்கு ஏறியது, எல்வுட் என் கையைப் பிடித்தான். நான் விலக்கவில்லை. பிறகு இருபத்தேழு. பன்னிரண்டு அடிக்கப் பதினைந்து நிமிஷம் இருக்கும்போது டாக்டரம்மா அந்தப் பெட்டியை அணைத்தாள்.

"எட்டு மணிக்கு முன்னாடி சொல்லியிருந்தீங்கன்னா வாந்தி எடுக்க வெச்சு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இந்நேரம் உங்க வீட்ல தூங்கிட்டு இருந்திருக்கும்." கையுறையைக் கழற்றியவள் என் தோளைத் தொட்டாள். "தப்பா நெனச்சுக்காதீங்க, மிஸஸ் மாஸ்மன். மாத்திரையை இப்படித் தூக்கிப் போடாதீங்க. இது வெளையாட்டு இல்ல. உங்களை நம்பி வீட்ல ஒருத்தர் இருக்காரே, அவரை நெனச்சுப் பாருங்க."

எல்வுட் தன் தொப்பியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையை ஆட்டினானா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஆட்டியது மாதிரிதான் இருந்தது.

கொல்லையில் ஆப்பிள் மரத்தடியில் புதைத்தோம். மண் இன்னும் உறையவில்லை. நான் தோண்டுகிறேன் என்றேன், கேட்கவில்லை. தோண்டத் தோண்ட அவனுக்கு மூச்சு வாங்கியது. நான் அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாயை இறக்கும்போது வாய்விட்டு அழுதான். அந்த அழுகையில் பொய் இல்லை, அதை நான் சொல்லியே ஆக வேண்டும். அந்த நாயை அவன் என்னைவிட அதிகமாக நேசித்தான். மண்ணைத் தள்ளி மூடி, மண்வெட்டியில் சாய்ந்து நின்று, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். அப்புறம் கேட்டான்:

"கார்மன்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டியே?"

காலில் ஒட்டிய மண்கூடக் காயவில்லை.

நான் உள்ளே போய்க் கையைக் கழுவினேன். அவனும் வந்து எதிரே உட்கார்ந்தான். நாலு மணிக்குக் கார்மனே போன் பண்ணினான். ஷெர்லின் வழியாகச் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

"அக்கா, டஃபி போயிடுச்சாமே. ரொம்ப வருத்தமா இருக்கு. அது இருக்கட்டும், உனக்கும் ஹார்ட் மாத்திரையாமே? எப்பலேந்து? தம்பின்னு ஒருத்தன் இருக்கறதே மறந்துபோச்சா? மச்சானை நீ பாத்துக்கற, உன்னை யாரு பாத்துக்கறது?"

எல்வுட்டுக்கு அவன் குரல் கேட்டது. என்னைப் பார்த்துத் தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டினான். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. 'நாலு நாளு' என்றுதான் இருக்கும்.

"எனக்கு ஹார்ட்ல ஒண்ணும் இல்ல, கார்மன்" என்றேன்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். செப்டம்பர், கன்னம், இருமல் மிட்டாய் பெட்டி, ஷெர்லின் கேட்ட கேள்வி, அவன் சொன்ன பதில். என் வாக்கு வெறும் காற்று, என்னை மன்னித்துவிடு என்றும் சொன்னேன். பேக்கனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. "போனை அவன்கிட்ட குடு" என்றான் கார்மன். எல்வுட் வாங்கவில்லை. எழுந்து கொல்லைக்குப் போய்விட்டான்.

அவன் உயிரைக் காப்பாற்றினேன் என்று யூலா சொல்கிறாள். சர்ச்சில் பாஸ்டரும் என் கையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் சொன்னார். நானும் தலையாட்டினேன். உண்மை அது இல்லை. அவன் உயிரை நினைத்து நான் சொல்லவில்லை. டஃபி தரையில் கிடந்து அவன் கையை நக்கிக்கொண்டிருந்தது, இவன் வாட்சைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருந்தான். ஏழேகாலிலிருந்து ஒன்பதுவரை மூடியிருந்தான். அந்தக் கோபத்தில் சொன்னேன். கார்மன் 'திங்கட்கிழமை வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொன்னபோது எனக்கு ஒரு திருப்திகூட வந்தது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஊரே படகுத்துறையில் நின்றது. கூண்டுகளை மலைபோல் ஏற்றிக்கொண்டு போட்டுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பெண்களும் கிழவர்களும் சின்னப் பிள்ளைகளும் கையசைத்தார்கள். எல்வுட்டும் போயிருந்தான். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் பக்கம் நின்றான். யூலா அவனுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள். கார்மனின் போட்டில் அவன் நிற்கிற இடத்தில், டவுனிலிருந்து வந்த ஒருவன் மஞ்சள் ரப்பர் உடுப்பில் நின்றான். கார்மன் கையை உயர்த்தினான். எல்வுட் உயர்த்தவில்லை, காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து மேஜை முன் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினான். வெள்ளை மாத்திரையை வைத்தேன். வாயில் போட்டான், டீயைக் குடித்தான். பிறகு வாயை அகலமாகத் திறந்தான். நாக்கைத் தூக்கிக் காட்டினான். விரலை விட்டு ஒரு கன்னத்தை இழுத்துக் காட்டினான், அப்புறம் இன்னொரு கன்னத்தை. ஜெயிலில் சோதனை போடுகிற வார்டனுக்குக் காட்டுவது மாதிரி.

"பாத்துக்கிட்டியா?" என்றான்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். என்னோடு அவன் பேசுவது காலையில் அந்த ஒரு வார்த்தைதான். "பாத்துக்கிட்டியா?" வேண்டாம், மூடு என்று முதல் வாரம் சொல்லிப் பார்த்தேன். நான் குனிந்து பார்க்கிற வரைக்கும் மூட மாட்டான். எச்சில் வழியும், அப்படியே உட்கார்ந்திருப்பான். அதனால் பார்க்கிறேன். இரண்டு மணிக்கு நாற்காலியிலேயே தூங்கிப்போகிறான். கை ஐஸ் மாதிரிதான் இருக்கிறது, போர்வையை இழுத்துப் போர்த்தும்போது தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஜனவரியில் இதய டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு எல்லாம் பார்த்துவிட்டு அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

"பிரமாதமா இருக்கு, மிஸ்டர் மாஸ்மன். இப்படியே போனா இன்னும் இருபது வருஷம் தாராளமா இருப்பீங்க. வீட்ல உங்களை நல்லாப் பாத்துக்கறாங்க போலிருக்கே."

எல்வுட் என்னைப் பார்த்தான். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, வாயை அகலமாகத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினான்.